பள்ளிக்கூட வீட்டுவரியை மாநிலமே ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும்?

டல்லாஸ் நகரத்துக்குப் பக்கத்தில் வீடு வாங்கிக் குடியேறியிருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஐயா, நான் கட்டும் வீட்டுவரியில் ஏறத்தாழ பாதி பள்ளிக்கூடத்துக்குப் போகிறது. மாநில அரசிடம் உபரிப் பணம் இருக்கிறது, அதைக்கொண்டு பள்ளி வரியைப் படிப்படியாகக் குறைத்து ஒருநாள் ஒழித்தேவிடலாம் என்கிறார்கள். இது நல்லதா? என் பிள்ளைகள் இருவரும் இங்கே அரசுப் பள்ளியில்தான் படிக்கிறார்கள்."

தம்பி, இது நல்லதாக அமைய முடியும். ஆனால் வரிச்சீட்டில் எத்தனை டாலர் குறைந்தது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அதை முடிவு செய்ய முடியாது. குறைந்த பணத்தை இனிமேல் யார், எந்த வருவாயிலிருந்து, எந்தச் சட்டத்தின்படி பள்ளிக்குத் தரப்போகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட்டுக்கு வெளியே ஒரு பள்ளி மாவட்டத்தின் கணக்குப் பிரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தேன். நீங்கள் கேட்கும் காரியத்தை அந்த மாநிலம் 1994-லேயே செய்துவிட்டது. அதன் நன்மையும் வலியும் ஒவ்வொரு ஜூன் மாதமும் பட்ஜெட் போட உட்காரும்போது என் மேசைக்கு வந்தன. அதனால் டெக்சஸுக்கு வருவதற்கு முன் மிச்சிகன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாட்டில் படித்துவிட்டு வந்த நமக்கு இங்குள்ள ஏற்பாடு முதலில் விளங்காது. அங்கே அரசுப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் மாநில அரசிடமிருந்து வருகிறது. அந்த ஊரில் மனை என்ன விலை போகிறது என்பதற்கும் அந்தச் சம்பளத்துக்கும் தொடர்பு கிடையாது. அமெரிக்காவில் தொடர்பு உண்டு. பள்ளி மாவட்டம் என்பது தனக்கென்று எல்லையும், தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவும், வரி விதிக்கும் உரிமையும் கொண்ட தனி அமைப்பு. அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு, கடை, தொழிற்சாலை ஆகியவற்றின் மதிப்பில்தான் அது வரி போடும். மதிப்பு மிக்க ஊர் குறைந்த விகிதத்தில் வரி போட்டாலும் பணம் கொட்டும். ஏழை ஊர் தன்னைத்தானே கசக்கிப் பிழிந்தாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

இதற்குச் சரியான சாட்சி உங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. சான் அன்டோனியோ நகரத்தின் எட்ஜ்வுட் பகுதியில் 1967-68 கல்வியாண்டில் ஒரு மாணவருக்கு ஈடாக இருந்த சொத்தின் மதிப்பு 5,960 டாலர். அந்த மக்கள் நூறு டாலருக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அதே நகரத்தின் அலமோ ஹைட்ஸ் பகுதியில் ஒரு மாணவருக்கு 49,000 டாலருக்கு மேல் சொத்து இருந்தது. அவர்கள் கட்டிய வரி 85 சென்ட்தான். மாநிலத் திட்டத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கு போக, எட்ஜ்வுட்டுக்கு ஒரு பிள்ளைக்கு 26 டாலர் மிஞ்சியது. அலமோ ஹைட்ஸுக்கு மிஞ்சியது 333 டாலர். டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தந்தையும் வேறு சில பெற்றோரும் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கையை விரித்துவிட்டது. 1989-ல்தான் டெக்சஸ் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, இந்த முறை மாநிலத்தின் அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று தீர்ப்புச் சொன்னது. மிகப் பணக்கார மாவட்டத்துக்கும் மிக ஏழை மாவட்டத்துக்கும் இடையே ஒரு மாணவருக்கான சொத்து மதிப்பில் 700 மடங்கு வித்தியாசம் இருந்ததை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. உள்ளூர் வீட்டுவரியை மட்டும் நம்பிப் பள்ளி நடத்துவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. மாநிலம் இதில் தோள் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை.

இனி மிச்சிகன். அந்த மாநிலத்தின் வடபகுதியில் கால்காஸ்கா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. பள்ளிக்குக் கூடுதல் வரி கேட்டு நடந்த வாக்கெடுப்புகளில் ஊர் மக்கள் மீண்டும் மீண்டும் மறுத்துவிட்டார்கள். அவர்கள் கல் நெஞ்சக்காரர்கள் இல்லை. வரி ஏற்கனவே கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. கையில் இருந்த பணம் தீர்ந்தது. 1993 மார்ச் 24 அன்று, கல்வியாண்டு முடியப் பத்து வாரம் இருக்கும்போதே, பள்ளிகளை மூடிவிட்டார்கள். உலகத்தின் கார் தொழிலுக்குத் தலைநகரம் என்று பெயர் எடுத்த மாநிலத்தில் பணமில்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட்ட செய்தி நாடு முழுவதும் பரவியது.

அந்த ஆண்டு ஜூலையில் மாநில மேலவையில் வரிக் குறைப்பு பற்றி விவாதம் நடந்தது. ஆளுநர் ஜான் எங்ளர் குடியரசுக் கட்சிக்காரர். வீட்டுவரியைக் குறைப்பேன் என்று சொல்லிப் பதவிக்கு வந்தவர். எதிர்க்கட்சியைச் சேர்ந்த டெபி ஸ்டாபெனோ எழுந்து, கொஞ்சம் குறைப்பது என்ன, பள்ளி நடத்துவதற்கான சொத்துவரியை அடியோடு நீக்கிவிடலாம் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஆளுங்கட்சி அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. மறுநாளுக்குள் கீழவையும் நிறைவேற்றியது. ஆகஸ்டில் ஆளுநர் கையெழுத்திட்டார். ஆண்டுக்கு 600 கோடி டாலருக்கு மேல் வந்துகொண்டிருந்த வருவாய் ஒரே வீச்சில் போய்விட்டது. அதற்குப் பதிலாக எங்கிருந்து பணம் வரும் என்று அந்த நிமிடம் ஒருவருக்கும் தெரியாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வரை உட்கார்ந்து சட்டமன்றம் ஒரு மாற்றுத் திட்டத்தை எழுதி முடித்தது.

1994 மார்ச் 15 அன்று மக்கள் முன் வந்த கேள்வி இதுதான். விற்பனை வரியை 4 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாக உயர்த்தலாமா? வேண்டாம் என்றால் வருமான வரி 4.6 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகத் தானாகவே உயரும். பழைய வீட்டுவரிக்குத் திரும்பும் வழியே வாக்குச்சீட்டில் இல்லை. பத்தில் ஏழு பேர் விற்பனை வரிக்குச் சம்மதம் சொன்னார்கள். 'ப்ரொபோசல் ஏ' என்று இன்றும் மிச்சிகனில் எல்லோரும் சொல்வது இதைத்தான்.

அது செய்ததை ஒரு வீட்டை வைத்துச் சொல்கிறேன். மிச்சிகனில் சந்தை மதிப்பில் பாதிக்குத்தான் வரி. 4,00,000 டாலர் பெறும் வீட்டை இன்று வாங்கினால் வரிக்குரிய மதிப்பு 2,00,000 டாலர். ஒரு 'மில்' என்பது ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர். பழைய முறையில் பள்ளி நடத்துவதற்கு மட்டும் சராசரியாக 34 மில் அளவுக்கு இருந்தது. அதே விகிதத்தில் கணக்குப் போட்டால் இந்த வீட்டுக்கு 6,800 டாலர் ஆகும். புதிய முறையில் மாநிலக் கல்வி வரி 6 மில், அதாவது 1,200 டாலர். சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு அத்தோடு சரி. ஜூலை மாதம் வரும் கோடைகால வரிச்சீட்டில் அந்த வரியைப் பார்க்கும்போது, 1994-க்கு முன்பிருந்தே வீடு வைத்திருந்த என் மூத்த சக ஊழியர் ஒருவர், "இதைப் பார்த்துத்தான் ஓய்வுக்குப் பிறகும் இந்த வீட்டிலேயே இருக்க முடியும் என்று நம்பினேன்" என்பார். வரிக் குறைப்பை வெறும் அரசியல் தந்திரம் என்று ஒதுக்குகிறவர்களிடம் அவரைத்தான் நான் எப்போதும் எடுத்துச் சொல்வேன்.

உரிமையாளர் தானே குடியிருக்காத சொத்துக்கு நிலைமை வேறு. கடை, தொழிற்சாலை, விடுமுறைக் குடில், வாடகைக்கு விட்ட வீடு எல்லாவற்றுக்கும் 6 மில்லோடு இன்னும் 18 மில் உண்டு. அதே 4,00,000 டாலர் வீட்டை வாடகைக்கு விட்டால் 3,600 டாலர் கூடுதல். வீட்டுக்காரர் அதைத் தன் கையிலிருந்து கட்டுவார் என்று யாரும் நம்ப மாட்டோம். வாடகையில் ஒரு பகுதியாவது ஏறும். ஆக, வாடகைக்குக் குடியிருப்பவர் கடையில் 6 சதவீத விற்பனை வரியும் கட்டுகிறார், வாடகை வழியாக அந்த 18 மில்லையும் சுமக்கிறார், வரிக் குறைப்போ அவர் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. மிச்சிகனில் சமையல் பொருளுக்கும் மருத்துவர் எழுதித் தரும் மருந்துக்கும் விற்பனை வரி கிடையாது என்பதால் சுமை ஓரளவு தணிகிறது. இருந்தாலும் வீடு உள்ளவரிடமிருந்து எடுத்த சுமையில் ஒரு பங்கு வீடு இல்லாதவர் தலையில் இறங்கியது என்ற உண்மையை மறைக்கக் கூடாது.

இன்னொன்று. ஒருவரே தொடர்ந்து வைத்திருக்கும் சொத்தின் வரிமதிப்பு ஆண்டுக்கு 5 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் ஏறாது. விற்றவுடன் சந்தை மதிப்புக்குத் தாவிவிடும். ஒரே தெருவில், ஒரே அளவில் கட்டிய இரண்டு வீடுகளில், இருபது ஆண்டு முன் வந்தவர் கட்டும் வரியைப் போல இரண்டு மடங்கு புதிதாக வந்தவர் கட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். விற்பவரின் வரிச்சீட்டைப் பார்த்து மாதச் செலவைக் கணக்கிட்டு ஏமாந்துபோன நம் ஆட்கள் பலர் உண்டு.

பள்ளியின் பக்கம் வருவோம். முன்பு பள்ளிக்கான பணத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கே தந்துகொண்டிருந்த மாநிலம், இந்த மாற்றத்துக்குப் பிறகு பெரும்பங்கைத் தருகிறது. ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அடிப்படைத் தொகை. 1994-95-ல் மிகக் குறைந்த தொகை 4,200 டாலர். ஏழை மாவட்டங்களை அந்த அளவுக்கு உயர்த்தினார்கள். முன்பு அடிமட்டத்துக்கும் உச்சத்துக்கும் ஏறத்தாழ மூன்று மடங்கு இடைவெளி இருந்தது. அது ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி, 2021-22-ல் எல்லா மாவட்டங்களுக்கும் அடித்தளம் ஒரே 8,700 டாலர் ஆனது. அங்கே போய்ச் சேர 27 ஆண்டுகள் பிடித்தன. புளூம்ஃபீல்ட் ஹில்ஸ், பர்மிங்ஹாம் போன்ற பணக்கார ஊர்கள் தங்கள் பழைய உயரத்தைக் காத்துக்கொள்ளக் கூடுதல் வரி போட இன்றும் அனுமதி உண்டு. ஆனாலும் தரையைத் தூக்கி நிறுத்திய வேலை மெய்யானது. ஜோஷுவா ஹைமன் என்ற பொருளாதார ஆய்வாளர் இந்த மாற்றத்தால் கூடுதல் பணம் பெற்ற மாணவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார். நான்காம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 1,000 டாலர் கூடுதலாகச் செலவானபோது, கல்லூரியில் சேர்ந்தவர்கள் 3 சதவீதப் புள்ளிகள் கூடினார்கள். பட்டம் பெற்றவர்கள் 2.3 புள்ளிகள் கூடினார்கள். பணத்தால் படிப்பு வராது என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் வலி எங்கே? பள்ளி தன் வருவாயின் மீது வைத்திருந்த பிடியை இழந்தது. அதை நான் அக்டோபர் மாதத்தின் முதல் புதன்கிழமையில் காட்ட முடியும்.

அன்றுதான் தலை எண்ணும் நாள். அன்று வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்தே ஆண்டின் பெரும்பகுதிப் பணம் வரும். பிப்ரவரியில் இன்னொரு முறை எண்ணுவார்கள், அதற்கு எடை குறைவு. காலை ஒன்பது மணிக்கு ஒவ்வொரு பள்ளியின் அலுவலகத்திலும் வராத பிள்ளைகளின் பட்டியலும் தொலைபேசியும் தயாராக இருக்கும். எழுத்தர் ஒவ்வொரு வீடாக அழைப்பார். காய்ச்சல் என்றால் அதைக் குறித்துக்கொள்வார். காரணத்தோடு வராத பிள்ளை 30 நாட்களுக்குள் வந்துவிட்டால் கணக்கில் சேரும். காரணமில்லாமல் வராத பிள்ளை 10 பள்ளி நாட்களுக்குள் வர வேண்டும். மதியம் பிள்ளைகளுக்குப் பீட்சா கொடுப்பார்கள். மாலையில் எண்கள் என்னிடம் வரும். போன ஆண்டைவிட 60 பிள்ளைகள் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு 7,000 டாலர் என்றால் 4,20,000 டாலர் போயிற்று. அந்த 60 பேரும் ஒரே வகுப்பிலிருந்து போயிருந்தால் இரண்டு ஆசிரியர்களைக் குறைத்துச் சமாளிக்கலாம். ஆனால் அவர்கள் பன்னிரண்டு வகுப்புகளில் ஐந்து ஐந்து பேராகப் போயிருப்பார்கள். ஒரு வகுப்பையும் மூட முடியாது, பேருந்து அதே தெருக்களில் ஓட வேண்டும், கொதிகலன் அதே கட்டடத்தைச் சூடேற்ற வேண்டும். செலவு அப்படியே நிற்கும், வரவு மட்டும் போய்விடும். முன்பென்றால் ஊர் மக்களிடம் போய், ஒரு மில் கூட்டித் தாருங்கள் என்று கேட்டிருக்கலாம். அவர்கள் தருவதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம். கேட்கும் வாசலாவது திறந்திருந்தது. பள்ளியை நடத்தும் செலவுக்கு அந்த வாசலை 1994 சட்டம் பெரும்பாலான மாவட்டங்களுக்கு அடைத்துவிட்டது.

பணம் வரும் நேரமும் ஒரு தலைவலி. பள்ளியின் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. மாநிலத்தின் நிதியாண்டு அக்டோபர் 1-ல். மாநிலம் எவ்வளவு தரும் என்று உறுதியாகத் தெரியாமலே ஜூன் 30-க்குள் பட்ஜெட்டை நிறைவேற்றிய ஆண்டுகள் பல. மாநில உதவி அக்டோபர் முதல் ஆகஸ்ட் வரை 11 தவணைகளாக வரும். பள்ளி திறந்து ஆசிரியர் சம்பளம் போட வேண்டிய செப்டம்பரில் தவணையே இல்லை. அதற்காகக் குறுகிய காலக் கடன் வாங்கி வட்டி கட்டும் மாவட்டங்கள் இருக்கின்றன. பிள்ளைகளின் புத்தகத்துக்குப் போக வேண்டிய பணம் அந்த வட்டிக்குப் போவதைப் பார்க்கும்போது மனம் கசக்கும்.

இதைவிடப் பெரிய அடி பொருளாதாரச் சரிவில் வந்தது. வீட்டுவரி மெதுவாக நகரும் வருவாய். சந்தை விழுந்தாலும் மதிப்பீடு உடனே விழாது. விற்பனை வரியும் வருமான வரியும் ஆலை மூடிய மாதமே சுருங்கும். கார் தொழில் இரண்டாயிரத்துக்குப் பிறகு சரியச் சரிய, மிச்சிகன் பள்ளிகளும் கூடவே சரிந்தன. 2011-ல் அடிப்படைத் தொகை ஒரு மாணவருக்கு 7,316 டாலரிலிருந்து 6,846 டாலராகக் குறைந்தது. ஒரு தலைக்கு 470 டாலர் வெட்டு. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2019-ல் வெளியிட்ட ஆய்வு, 1995-க்குப் பிறகு கல்விக்கான மொத்த வருவாய் வளர்ச்சியில் ஐம்பது மாநிலங்களில் மிச்சிகன் கடைசி என்று கண்டது.

அதே 2011-ல் நடந்த இன்னொன்றை எத்தனை ஆண்டு ஆனாலும் மறக்க மாட்டேன். கூட்டிய 2 சதவீத விற்பனை வரி முழுவதும் பள்ளி உதவி நிதிக்குப் போகும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மக்கள் அதை நம்பித்தான் வாக்களித்தார்கள். ஆனால் அந்த நிதியை எதற்குச் செலவிடலாம் என்று 1963-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் சொல்லும் இடத்தில், பள்ளி மாவட்டங்களோடு சேர்த்து "உயர்கல்வி" என்ற சொல்லும் இருக்கிறது. வணிக வரியைக் குறைத்து மாநிலத்துக்கு நெருக்கடி வந்தபோது, ஏறத்தாழ 40 கோடி டாலரை அந்த நிதியிலிருந்து எடுத்துக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் கொடுத்தார்கள். சட்டப்படி அதில் பிழை இல்லை. பள்ளிக்கென்று பூட்டி வைத்த பெட்டிக்கு இரண்டாவது சாவி ஒன்று 1963 முதலே இருந்திருக்கிறது. 1994-ல் வாக்களித்தவர்களில் எத்தனை பேர் அந்த ஒரு சொல்லைக் கவனித்திருப்பார்கள்?

கட்டடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ப்ரொபோசல் ஏ பள்ளியை நடத்தும் செலவை மட்டும்தான் மாநிலத்தின் தோளுக்கு மாற்றியது. கூரை, கொதிகலன், புதுக் கட்டடம் எல்லாம் இன்றும் உள்ளூர்க் கடன் பத்திரமும் உள்ளூர் சொத்துவரியும்தான். எட்ஜ்வுட்டில் பார்த்த பழைய அநீதி அந்தப் பகுதியில் அப்படியே இருக்கிறது. 2016-ல் டெட்ராய்ட் ஆசிரியர்கள் பூஞ்சை படர்ந்த சுவர்களையும் இடிந்த தளங்களையும் காட்டிக் கூட்டாக விடுப்பு எடுத்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. இதுவும் ஒரு காரணம்.

இப்போது உங்கள் டெக்சஸ். அங்கே வருமான வரி கிடையாது. 2019-ல் அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் அதற்குக் கதவையும் சாத்திவிட்டார்கள். மாநிலத்தின் முதன்மை வருவாய் 6.25 சதவீத விற்பனை வரி. எண்ணெய் விலை நன்றாக இருந்தால் கருவூலம் நிரம்பும். 2023 தொடக்கத்தில் 3,270 கோடி டாலர் உபரி இருப்பதாக அறிவித்தார்கள். அந்த ஜூலையில் மொத்தம் 1,800 கோடி டாலர் அளவுக்குச் சொத்துவரிச் சலுகை நிறைவேறியது. பள்ளி வரி விகிதத்தில் நூறு டாலருக்கு 10.7 சென்ட் குறைத்தார்கள். சொந்தக் குடியிருப்புக்கான விலக்கை, அதாவது வீட்டு மதிப்பில் பள்ளி வரி போடாமல் கழித்துவிடும் தொகையை, 40,000 டாலரிலிருந்து 1,00,000 டாலராக உயர்த்தினார்கள். 2025 நவம்பரில் மக்கள் வாக்களித்து அது 1,40,000 ஆனது. 65 வயது கடந்தவர்களுக்கும் உடல் ஊனமுற்றவர்களுக்கும் 2,00,000. கணக்கு எளிதாக இருக்கப் பள்ளி வரி நூறு டாலருக்கு ஒரு டாலர் என்று வைத்துக்கொண்டால், 4,00,000 டாலர் வீட்டுக்கு முன்பு 3,600 டாலர் கட்டியவர் இப்போது 2,600 கட்டினால் போதும். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஆயிரம் டாலர் பெரிய ஆறுதல்.

ஆனால் அந்த ஆயிரம் டாலரில் ஒன்றுகூட உங்கள் பிள்ளையின் வகுப்பறைக்குக் கூடுதலாகப் போகவில்லை. நீங்கள் கொடுத்துக்கொண்டிருந்ததை மாநிலம் கொடுக்கிறது. பள்ளிக்கு வரும் தொகை அதேதான். டெக்சஸில் ஒரு மாணவருக்கான அடிப்படை ஒதுக்கீடு 2019-ல் 6,160 டாலர். விலைவாசி விறுவிறுவென்று ஏறிய ஆறு ஆண்டுகளுக்கு அந்த எண் அசையவில்லை. 2023-ல் வரிச் சலுகை நிறைவேறியது. பள்ளி நிதி மசோதா தனியார் பள்ளி உதவித்தொகை பற்றிய சண்டையில் சிக்கி மாண்டது. 2025-ல் ஏறத்தாழ 850 கோடி டாலர் பள்ளி நிதிச் சட்டம் வந்தபோதும், பெரும்பணம் ஆசிரியர் சம்பளம் போன்ற குறிப்பிட்ட இனங்களுக்குப் போயிற்று. அடிப்படை ஒதுக்கீடு 55 டாலர்தான் ஏறி 6,215 ஆனது. பள்ளிக்கு வரலாறு காணாத மாநில நிதி என்று யாராவது மேடையில் சொன்னால், அதில் இடம் மாறிய பணம் எவ்வளவு, புதிதாகக் கூடிய பணம் எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். நான் பார்த்த வரையில் இந்த விவாதத்தில் பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாகக் கூட்டுவதால் வருகிறது.

பள்ளிக்குப் பணம் பங்கிடும் டெக்சஸ் சூத்திரத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஊரில் வீட்டு மதிப்பு ஏறி உள்ளூர் வரி வருவாய் கூடினால், அந்த அளவுக்கு மாநிலம் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். மதிப்பு மிகவும் ஏறிய மாவட்டத்திடமிருந்து வாங்கி மற்றவர்களுக்குக் கொடுக்கும் முறையும் 1993 முதல் இருக்கிறது. ராபின் ஹூட் திட்டம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அதில் மிக அதிகமாகக் கட்டுவது ஆஸ்டின் மாவட்டம். ஆகையால் உங்கள் வீட்டு மதிப்பு ஏறி நீங்கள் கூடுதலாகக் கட்டிய ஆண்டுகளில் பள்ளி கொழித்துவிடவில்லை. மாநிலத்தின் செலவுதான் குறைந்தது. இந்தக் கோணத்தில் பார்த்தால் மாநிலம் இப்போது வரியைக் குறைத்துத் தருவது ஓரளவு திருப்பித் தருவதும்தான். அதை நான் நியாயம் என்றே சொல்வேன்.

இதே வேலையை டெக்சஸ் ஒரு முறை செய்து கையைச் சுட்டுக்கொண்டதும் நினைவில் இருக்க வேண்டும். 2005-ல் மாநில உச்ச நீதிமன்றம், நூறு டாலருக்கு 1.50 டாலர் என்ற உச்சவரம்பில் பல மாவட்டங்கள் முட்டி நிற்பதால் பள்ளி வரி நடைமுறையில் மாநிலச் சொத்துவரி ஆகிவிட்டது, அதற்கு அரசியல் சட்டத்தில் இடமில்லை என்றது. 2006-ல் வரி விகிதத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள். ஈடுகட்டப் புதிய வணிக வரி ஒன்றையும் சிகரெட் வரி உயர்வையும் கொண்டுவந்தார்கள். வணிக வரி எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. ஆனால் குறைத்த வீட்டுவரிக்கு மாநிலம் ஈடு தந்தே ஆக வேண்டும். பட்ஜெட்டில் நிரந்தரமாக ஒரு பள்ளம் விழுந்தது. 2011-ல் பள்ளிகளுக்கான பணத்தில் 540 கோடி டாலரை வெட்டினார்கள். மிச்சிகன் பள்ளிகள் தலைக்கு 470 டாலர் இழந்த அதே ஆண்டு!

பென்சில்வேனியாவின் வழி வேறு. சூதாட்ட இயந்திரங்களை 2004-ல் அனுமதித்து, அந்த வருவாயில் ஒரு பங்கை 2006 சட்டத்தின்படி அங்குள்ள பள்ளி மாவட்டங்களில் வீட்டுவரிச் சலுகையாகக் கொடுக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு ஆண்டுக்குச் சில நூறு டாலர் கிடைக்கிறது. ஆபத்தும் குறைவு, பயனும் குறைவு. ஏழைப் பள்ளிக்கும் பணக்காரப் பள்ளிக்கும் உள்ள தூரத்தை அது தொடவேயில்லை.

என் முடிவைக் கேட்டால், 1994-க்குத் திரும்பிப் போனாலும் நான் ப்ரொபோசல் ஏ பக்கமே நிற்பேன். கால்காஸ்கா மாதிரி ஒரு ஊர், பணமில்லை என்று பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும் நிலை வரக் கூடாது. எட்ஜ்வுட் மாதிரி ஒரு ஊர் அதிகம் கட்டிக் குறைவாகப் பெறக் கூடாது. ஆனால் இன்று அதை எழுதினால் அடிப்படைத் தொகை விலைவாசியோடு தானாக ஏற வேண்டும் என்பதைச் சட்டத்திலேயே வைப்பேன். நல்ல ஆண்டில் ஒரு பங்கைச் சேமித்துச் சரிவு ஆண்டில் பள்ளிக்கு மட்டும் திறக்கும் நிதி ஒன்றை வைப்பேன், அதற்கு இரண்டாவது சாவி இருக்காது. உள்ளூர் மக்கள் விரும்பினால் ஓர் எல்லைக்குள் கூடுதல் வரி போட வாசலைத் திறந்து வைப்பேன். ஏழை ஊர் அப்படிப் போட்டால் மாநிலம் அதற்கு ஈடாகச் சேர்த்துத் தர வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களுக்கு வருமானத்தைப் பொறுத்து நேரடியாகத் திருப்பித் தருவேன். உபரியை நம்பி நிரந்தர வரியை ஒழிக்க மட்டும் சம்மதிக்க மாட்டேன். உபரி ஒரு நல்ல மழை. எண்ணெய் விலையோடு வரும், எண்ணெய் விலையோடு போகும். பள்ளிச் செலவு ஒவ்வொரு செப்டம்பரும் வந்து நிற்கும்.

உங்கள் சட்டமன்ற உறுப்பினர் ஊர்க் கூட்டத்துக்கு வந்தால் நீங்கள் எழுந்து கேட்க வேண்டிய கேள்வி, வரி எவ்வளவு குறையும் என்பது மட்டும் இல்லை. அடுத்த எண்ணெய்ச் சரிவின்போது 6,215 என்ற எண் என்ன ஆகும், அதைக் காக்க எந்தச் சட்டப் பிரிவு இருக்கிறது என்று கேளுங்கள். பிரிவின் எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் சொந்த வேலை ஒன்று. சொந்தக் குடியிருப்பு விலக்கு தானாக வந்துவிடும் என்று நினைத்துப் பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். உங்கள் கவுண்டியின் மதிப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். கட்டணம் எதுவும் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு செய்து தருகிறோம் என்று தபாலில் வரும் கடிதங்களைக் குப்பையில் போடுங்கள். ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் முகவரியும் வீட்டு முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். வழக்கமான கடைசி நாள் ஏப்ரல் 30. தவறவிட்டிருந்தாலும், அந்த ஆண்டின் வரி கட்டும் கெடு முடிந்து இரண்டு ஆண்டுகள் ஆகும் வரை தாமத விண்ணப்பம் கொடுக்கலாம். அதிகமாகக் கட்டியதைத் திருப்பித் தருவார்கள்.